அர்ஷியாவின் சுவர்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஹபீப் ரகுமான் கூடத்துச் சுவருக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

கேலி இல்லை, நிஜமாகவே. கிண்ணத்தில் எண்ணெய், கையில் பழைய பனியன் துணி, ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல். ஷார்ஜாவில் இருபது வருஷமாக குடோன் பார்க்கிற மனிதர் அவர். அட்டைப்பெட்டியில் ஒட்டிய லேபிளை எப்படிக் கிழியாமல் எடுப்பது என்று அவருக்குத் தெரியும். ஓரத்தில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்கேலைச் சரித்துத் தள்ளினால் பசையோடு வந்துவிடும்.

போன வாரம் அவரை விமான நிலையத்திலிருந்து காரைக்குடிக்குக் கூட்டிவந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் திகைத்து நிற்க வைத்துவிட்டு நான் போய்விட்டேன். "ரெண்டு வருஷம் கழிச்சு வந்த மனுஷன் எதைப் பார்த்து அப்படி நின்றார்?" என்று கேட்டு எழுதியவர்களுக்குப் பதில் இதுதான். அவர் பார்த்தது இந்தச் சுவரை.

இந்தச் சுவர் அவருடைய சின்ன மகள் அர்ஷியாவுடையது. பல் துலக்குவதில் தொடங்கி பையை மாட்டிக்கொண்டு கிளம்புவது வரைக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு வரி, டிக் அடிக்க ஒரு கட்டம். அலமாரிக் கதவுகளில் உள்ளே என்ன இருக்கிறது என்று சீட்டு. தமிழ்ப் புத்தகத்துக்குச் சிவப்புப் பை, கணக்குக்கு மஞ்சள், முடித்த வீட்டுப்பாடத்துக்குப் பச்சை.

அர்ஷியாவுக்குப் பதினைந்து வயது, ஒன்பதாம் வகுப்பு. படிப்பு வரும். கணக்கில் எண்பதுக்குக் கீழே வாங்கியதே இல்லை. ஆனால் ஒரு வேலை முடிந்தால் அடுத்தது என்ன என்பது அவளுக்குத் தானாக வராது. எதிரில் இருப்பவர் முகத்தைச் சுளித்தால் அது கோபமா தலைவலியா என்று தெரியாது. வீட்டுப்பாடத்தை முழுக்க எழுதிவிட்டு, டீச்சர் தன் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை என்பதற்காகக் கொடுக்காமலே திரும்பி வந்த பிள்ளை அது.

பள்ளிக்கூடத்துக்கு வரும் சிறப்பாசிரியை ஜெரினா மிஸ் இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் வீட்டுக்கும் வருகிறாள். அவள் ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்து, பழக்கி, ஒட்டிய அட்டைகள் இவை. ஒற்றைக் காலுறையோடு பள்ளிக்கூடம் போன பெண் இன்று தன் பையைத் தானே அடுக்குகிறாள். அப்படி அவள் முதன்முதலாக அடுக்கிய அன்று அவள் அம்மா ஆபிதா குளியலறைக்குள் போய்ச் சந்தோஷத்தில் அழுதுவிட்டு வந்தாள். பெற்றவளுக்குத்தானே தெரியும் அதன் அருமை.

அந்த ஆபிதாதான் இப்போது பால் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"என்னங்க பண்றீக?"

"சத்தம் போடாத. புள்ளைக முழிச்சுரும்."

"அது அவ அட்டைங்க."

"சாயங்காலம் அவுக போகட்டும். நானே திரும்ப ஒட்டித் தாரேன். பாரு, ஒண்ணுகூடக் கிழியல."

கிழியவில்லைதான். எடுத்ததையெல்லாம் வரிசை மாறாமல் ஒரு கவரில் அடுக்கி வைத்திருந்தார். தொழில் சுத்தத்தில் குறை சொல்ல முடியாது.

'அவுக' என்றது திருப்பத்தூர்க்காரர்களை. மூத்தவள் பெனாசிரைப் பெண் பார்க்க நாலு மணிக்கு வருகிறார்கள்.

ஆறு மாசத்துக்கு முன்னால் தேவகோட்டையிலிருந்து இதே போல் ஒரு கூட்டம் வந்தது. "அஞ்சு மணிக்குக் கிளம்பணும்" என்று வந்தவர்கள் பேச்சுக்குச் சொல்லி வைக்க, அடித்தாற்போல் அஞ்சு மணிக்கு அர்ஷியா அவர்கள் செருப்பையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து கூடத்தில் ஜோடி ஜோடியாக வைத்தாள். "அஞ்சு ஆச்சு. கெளம்புங்க." சிரித்துக்கொண்டேதான் போனார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை.

"கூடத்துல உக்காந்து நிமிந்து பாத்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு ஆபிதா. பல்லு வெளக்கு, கதவச் சாத்து, வெளக்க அணைன்னு. பாக்குறவுக என்ன நெனப்பாக?"

"இம்புட்டையும் இந்தப் புள்ள தானாச் செய்யுதேன்னு நெனப்பாக."

"நீ நெனப்ப. நான் நெனப்பேன். வாரவுக நெனப்பாகளா? இன்னும் இருபத்திரண்டு நாள்தான் லீவு. இதுவும் தட்டிப்போச்சுன்னா பெனாசிர யாரு பாக்குறது?"

"உங்க குடோன்ல எவனாச்சும் பூந்து லேபிள் பூராவும் உரிச்சுட்டுப் போனா சும்மா இருப்பீகளா?"

ஹபீப் ஸ்கேலை அடுத்த அட்டைக்கு அடியில் விட்டார்.

*

ஏழரைக்கு அர்ஷியா குளித்துவிட்டு நைட்டியோடு கூடத்துக்கு வந்தாள். குளிப்பது வரைக்கும் பழக்கத்தில் வந்துவிட்டது. அதற்கு மேல் சுவரைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். பார்த்தாள். அட்டை இருந்த இடத்திலெல்லாம் எண்ணெய்க் கறை.

இப்படிப்பட்ட பிள்ளைகள் என்றால் கத்திக் கூப்பாடு போடும் என்று நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. அவள் கத்தவில்லை. விரலால் ஒவ்வொரு கறையாகத் தொட்டாள். "இது துண்டு. இது உடுப்பு. இது தல சீவுறது." கடைசிக் கறைக்கு வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஈர முடியிலிருந்து தண்ணீர் சொட்டி முதுகெல்லாம் நனைந்துவிட்டது. எட்டரை வரைக்கும் அப்படியே நின்றாள்.

"அத்தா, அடுத்தது என்ன?"

"போயி உடுப்ப மாத்தும்மா."

"அது நீங்க சொல்றது. அட்ட என்ன சொல்லுது?"

ஹபீப் மகள் மேல் பாசம் இல்லாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஷார்ஜாவில் எட்டு பேர் அறையில் தன் கட்டிலுக்கு மேலே அவர் ஒட்டியிருப்பது அர்ஷியா ஒன்றாம் வகுப்பில் எடுத்த போட்டோவைத்தான். ஆனால் பயந்துபோன மனிதர். பயந்தவன் கையில் அன்பு அகப்பட்டால் என்னென்ன பாடு படும் என்று எல்லா வீட்டிலும் பார்க்கிறோமே.

"இன்னைக்கு அட்ட கிடையாதும்மா. ஒரு நாளைக்கு அத்தா சொல்றதக் கேளு."

"விருந்தாளி அட்ட? நாலு மணிக்கு அது வேணுமே அத்தா."

தேவகோட்டைக் கூத்துக்குப் பிறகு ஜெரினா மிஸ் புதிதாகப் போட்ட அட்டை அது. ஆறு வாரமாகச் சாயங்காலம் தோறும் ஆபிதா வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றி, விருந்தாளியாக உள்ளே வருவாள். அர்ஷியா ஸலாம் சொல்ல வேண்டும். உட்காரச் சொல்ல வேண்டும். தண்ணீர் கொடுக்க வேண்டும். 'சாப்பிட்டீகளா?' என்று ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். பிறகு உள்ளே போய்விடலாம். கிளம்பும் நேரத்தை விருந்தாளியேதான் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது. எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நேற்று ஜெரினா மிஸ் வந்தபோது ஒரு தப்பு இல்லாமல் செய்து காட்டினாள்.

"அதுவும் வேணாம்மா," என்றார் ஹபீப்.

*

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்தார்.

"கேட்டா எல்லாரும் ஒண்ணு போலச் சொல்லணும். சின்னவ எங்கன்னா, வலையபட்டிக்கு வாஹித் மாமா வீட்டுக்குப் போயிருக்கா. நாளைக்குத்தான் வருவா. அம்புட்டுத்தான்."

வாஹித், ஆபிதாவின் தம்பி.

"நான் இங்கதான இருக்கேன்," என்றாள் அர்ஷியா.

"இருக்கம்மா. அவுககிட்ட மட்டும் நீ வலையபட்டில இருக்கன்னு சொல்லுவோம்."

"அப்ப அது பொய் அத்தா."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்காக. நம்ம ஒண்ணே ஒண்ணுதான் சொல்லப் போறோம். அக்காவுக்காக."

அர்ஷியா அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு முகம் படிக்க வராது என்று சொன்னேன். ஆனால் 'பொய்' என்ற சொல் தெரியும். பொய் சொன்னால் அல்லாஹ்வுக்குப் பிடிக்காது என்று சின்ன வயதில் மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் இதே அத்தாதான்.

ஆபிதா மூத்தவள் பக்கம் திரும்பினாள். "நீயாச்சும் சொல்லேன்டி. உன் தங்கச்சிதான?"

பெனாசிருக்கு இருபத்துநாலு வயது. தங்கைக்கு இன்று வரைக்கும் தலை பின்னிவிடுகிறவள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டு மணி நேரந்தானம்மா. உள்ள இருந்துக்கிரட்டும். எனக்கும் ஒரு வீடு வேணும்மா. நான் கெட்டவ இல்ல."

அப்படிச் சொன்னதும் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. ஆபிதாவும் அழுதாள். ஒரு பிள்ளையை ஒளித்து வைத்தால்தான் இன்னொரு பிள்ளைக்கு வாழ்க்கை என்று வந்து நின்றால் பெற்றவள் எந்தப் பக்கம் சாய்வாள், சொல்லுங்கள்.

அர்ஷியா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு பேனா வேணும். பேப்பரும்," என்றாள்.

ஹபீபுக்கு அப்பாடா என்று இருந்தது. படம் வரைந்துகொண்டு இருக்கட்டும் என்று சட்டைப் பையிலிருந்து தன் பேனாவையே எடுத்துக் கொடுத்தார்.

மூணே காலுக்கு அவளைப் பின்னறையில் விட்டார். சந்துப் பக்கம் ஒரு கதவும் ஒரு ஜன்னலும் உள்ள சின்ன அறை, அவள் உடுப்பும் பள்ளிக்கூடப் பையும் இருக்கிற இடம். ஃபேனைப் போட்டார். தண்ணீர் பாட்டில் வைத்தார். "அவுக போனதும் அத்தாவே வந்து தொறக்குறேன்" என்று நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

*

நாலு மணிக்குக் கார் வந்து நின்றது. மாப்பிள்ளை அன்வர் சாதிக்கின் தாயாரும் சின்னம்மாவும் இறங்கினார்கள். தாயார் வாட்டசாட்டமான மனுஷி, நல்ல வாய். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷமே ஆபிதாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"சமோசா நீங்க போட்டதா? கடைல வாங்குனீகளா?"

"வீட்லதான் போட்டேன்."

"அப்ப இன்னொண்ணு எடுத்துக்கிருவேன்."

பெனாசிர் வந்து ஸலாம் சொன்னாள். படிப்பு கேட்டார்கள், சமையல் கேட்டார்கள். அந்த அம்மாளுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. ஹபீபுக்கு வியர்வை அடங்கி மூச்சு சீராக வந்தது. சுவரில் ஒரு பெரிய மெக்கா படம் மாட்டி, கறை தெரியாமல் செய்திருந்தார்.

"ஆமா, சின்னப் புள்ள எங்க?"

"வலையபட்டிக்குப் போயிருக்கா," என்றார் ஹபீப். "மாமன் வீட்டுக்கு. நாளைக்குத்தான் வருவா."

"அடடா. போனப் போடுங்களேன், ஒரு வார்த்த பேசிக்கிறேன்."

"அங்குட்டு டவர் சரியா எடுக்காதுங்க."

ஒரு பொய் போதும் என்றுதான் ஆரம்பித்தார். இது இரண்டாவது.

"அந்தப் புள்ளையப் பத்திக் கேள்விப்பட்டேன்," என்றாள் அந்த அம்மாள். "தேவகோட்டைக்காரவுக எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அஞ்சு மணியானதும் செருப்ப எடுத்து வச்சுருச்சாம்ல!"

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்கு வாரவுக எட்டு மணியானாலும் எந்திரிக்கிறதில்ல. இப்படி ஒரு புள்ள நம்ம வீட்ல இருந்தா எம்புட்டு நல்லாருக்கும்னு இவகிட்டச் சொல்லிட்டே வந்தேன். அதப் பாக்கணும்னேதான் கெளம்பி வந்தேன். கேளுங்க இவள."

"ஆமா, காருல பூராவும் அதே பேச்சுதான்," என்றாள் சின்னம்மா.

ஆபிதா கணவரைப் பார்த்தாள். ஹபீப் எழுந்து பத்து எட்டு நடந்து அந்தக் கதவைத் திறந்திருக்கலாம். 'பயந்துட்டேம்மா, மன்னிச்சுக்கங்க' என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்திருப்பாள். அவர் எழவில்லை. சொன்ன பொய்யைத் திருப்பி எடுக்க அவருக்குத் தெம்பு வரவில்லை.

"அடுத்த தடவ பாத்துக்கிரலாம், இன்ஷா அல்லாஹ்," என்றார்.

ஆபிதா எழுந்திருக்கப் பார்த்தாள். பிடித்த கையை அந்த அம்மாள் விடவில்லை. பெனாசிரைக் கூப்பிட்டு, கிண்ணத்திலிருந்து சீனியை எடுத்து வாயில் ஊட்டினாள்.

"எங்களுக்குப் பூரணத் திருப்தி. நிச்சயத்துக்கு நீங்களே நாளு சொல்லுங்க."

*

அஞ்சு பத்துக்குக் கார் தெருவைத் தாண்டியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" ஹபீப் தட்டில் இரண்டு சமோசாவும் நிறையப் பால்கோவாவும் எடுத்து வைத்துக்கொண்டு பின்னறைக்கு விரைந்தார். கதவைத் தட்டினார். "அர்ஷியா, அத்தாதான். முடிஞ்சுருச்சு, வா." பதில் இல்லாததால் திறந்தார்.

ஃபேன் நின்றிருந்தது. விரிப்பு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. சந்துப் பக்கக் கதவு தாழ் நீக்கி, வெளியிலிருந்து சுத்தமாகச் சாத்தியிருந்தது. பள்ளிக்கூடப் பையையும் காணோம்.

ஆபிதா சந்துக்கு ஓடினாள். இரண்டு முனையிலும் யாரும் இல்லை. பெயரைச் சொல்லிக் கத்தினாள். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. தனக்கு ஒரு சின்ன மகள் இருக்கிறாள் என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தாள்.

பெனாசிர்தான் அதைப் பார்த்தாள். அறைச் சுவரில், கண் மட்டத்துக்கு, ஒரு தாள் ஒட்டியிருந்தது. டேப் கிடைக்காமல் சோற்றுப் பருக்கையை வைத்து நாலு மூலையிலும் அழுத்தியிருந்தாள். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் ஸ்கேல் வைத்தாற்போல் ஒரு கட்டம்.

ஹபீப் முதல் மூன்று வரியைப் படித்ததும் போனை எடுத்து வலையபட்டிக்கு அடித்தார். இரண்டு தடவை தப்பாகப் போட்டார்.

"இங்கயா? இல்லையே மச்சான்," என்றான் வாஹித். "மூணே முக்கா பஸ்ஸு அஞ்சு மணிக்கே வந்துட்டுப் போயிருச்சு. நான் கடைலதான இருக்கேன். யாரும் எறங்கல."

"மூணே முக்கா," என்றாள், சந்திலிருந்து திரும்பி வந்த ஆபிதா. "அடுப்படியில வந்து எங்கிட்டத்தான் கேட்டுச்சு. வலையபட்டி பஸ் எத்தன மணிக்கும்மான்னு. மாமன் நெனப்புல கேக்குதுன்னு நெனச்சு, சமோசாவத் திருப்பிப் போட்டுக்கிட்டே சொன்னேன். நான்தாங்க சொன்னேன்."

பெனாசிர் அதற்குள் ஜெரினா மிஸ்ஸைப் பிடித்திருந்தாள். தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினாள்.

"இத யாரு எழுதிக் குடுத்தது?" என்றாள் ஜெரினா.

"யாரும் இல்ல மிஸ். அவளேதான்."

"ரெண்டு வருஷமாச்சு பெனாசிர். நான் எழுதுவேன், அவ செய்வா. புதுசா ஒரு வேலைக்கு அவளா ஒரு லிஸ்ட் போட்டதே இல்ல. இன்னைக்குத்தான் மொதத் தடவ." குரல் உடைந்துவிட்டது. "கடவுளே. அவளுக்கு நான் இன்னும் பஸ் சொல்லிக்குடுக்கலையே. எங்க எறங்கணும், வழி தெரியலன்னா யாருகிட்டக் கேக்கணும், எதுவுமே சொல்லிக்குடுக்கல. அடுத்த மாசந்தான் ஆரம்பிக்கணும்னு இருந்தேன். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன். நீங்க போலீசுக்குச் சொல்லுங்க."

ஹபீப் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடப்போனவர், அப்படியே நின்றார். அந்தத் தாளை முழுசாகப் படிக்காமல் அவரால் போக முடியவில்லை. இந்தத் தடவை எண்ணெய் தேடவில்லை. நகத்தால் பருக்கைகளைப் பெயர்த்து எடுத்து, ஆபிதாவுக்குக் கேட்க வாய்விட்டு வாசித்தார்.

"ஒண்ணு. பையில் ஒரு உடுப்பு, தண்ணீர். ரெண்டு. ஃபேனை நிறுத்தணும், சத்தம் இல்லாமல் கதவு. மூணு. வலையபட்டி பஸ், 3.45. நாலு. மாமிக்கு ஸலாம். அஞ்சு. நாளைக்குத்தான் வீட்டுக்கு வரணும்."

முதல் கட்டத்தில் மட்டும்தான் டிக் இருந்தது. ஆறாவது வரியைப் பார்த்தார். தாளைக் கீழே இறக்கினார். பெனாசிர் அவர் கையிலிருந்து தாளை வாங்கினாள்.

"ஆறு," என்று வாசித்தாள். "இப்ப அத்தா சொன்னது பொய் இல்ல."